சுரங்கத்துக்குள் சித்திரை

நான் இதுவரை ஒருவருடைய பேச்சையும் ஒட்டுக் கேட்டதில்லை. மதுரையில் பிறந்து, மதுரையிலேயே வளர்ந்து, மதுரையிலேயே கல்லூரி மூன்றாமாண்டு வரை வந்துவிட்ட ஒருவன் இப்படிச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. இதற்கு முன் இந்த ஊரில் இப்படி ஒருவர் வாழ்ந்ததற்குக் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஆதாரம் கிடையாது. நானே முதல் ஆள் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒருமுறை பேருந்தில் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் விவாகரத்து பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பேச்சு, வீடு யாருக்கு என்ற கட்டத்தை எட்டியிருந்தது. அப்போதும் நான் என் நிறுத்தத்திலேயே இறங்கினேன். இதற்கு மேல் சான்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

என் பெயர் ககாரின். அப்பா கட்சிக்காரர். விண்வெளிக்கு முதலில் போனவரின் பெயரை வைத்தால் பையன் மேலே போவான் என்று நம்பினார். நான் போனது கல்லூரி கேண்டீனின் ஸ்டோர் ரூமுக்கு. அது தரைமட்டத்துக்கும் கீழே.

அந்த ஸ்டோர் ரூமில்தான் சுரங்கம் கிடைத்தது.

மதுரையில் யாரைக் கேட்டாலும் சுரங்கம் உண்டு என்பார்கள். அரண்மனையிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து அடுத்த மாவட்டத்துக்கு. உள்ளே ராஜா குதிரையில் போவார். சிலர், எதிரே இன்னொரு குதிரை வந்தாலும் ஒதுங்க இடம் உண்டு என்பார்கள். சொல்பவரின் சித்தப்பா ஒருவர் சின்ன வயதில் டார்ச் லைட்டோடு உள்ளே போயிருப்பார். ஒரு திருப்பத்தில் பாம்பு நின்றதால் திரும்பி வந்திருப்பார். ஊரிலுள்ள எல்லாச் சித்தப்பாக்களையும் கூட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு போக்குவரத்துக் காவலரே தேவைப்பட்டிருக்கும்.

கிடைத்த சுரங்கத்தில் குதிரை போகாது. குதிரையின் வால் போகும்.

எங்கள் வைகைத் தென்கரை அறிவியல் கல்லூரியில் கேண்டீனுக்கு லிப்ட் வைக்கக் குழி தோண்டினார்கள். கேண்டீனுக்கு மாடி கிடையாது. அது வேறு விஷயம். தோண்டும்போது ஸ்டோர் ரூம் சுவருக்குள் ஒரு செங்கல் வளைவு தட்டுப்பட்டது. நடுவில் ஒரு மனிதத் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. சரியாகப் பொருந்தாமல் அடைத்திருந்த கல்லைக் கொத்தனார் நெம்பி எடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

"கேக்குது தாயி," என்று சொல்லிவிட்டு, கடப்பாரையைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு வெளியே போன கொத்தனார் திரும்பி வரவில்லை. கழற்றி மாட்டிய சட்டை இன்னும் அங்கேயே தொங்குகிறது.

அடுத்த நாள் அதே குரல் தெளிவாக இதைச் சொன்னது: "நாலு... ஏழு... ரெண்டு... ஒம்போது. ஓடிபி சொல்லிட்டேன். எங்கிட்டு வந்து நிக்கிறீங்க?"

எங்கள் தமிழ்த்துறைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எண்களை ஓதி, ஓடிபி என்னும் பெண் தெய்வத்தை விளித்து, 'நீ எங்கு வந்து நிற்கின்றாய்' என்று இறைஞ்சும் தொல்வடிவம் இது என்று அறிவித்தார். இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஓடிபியம்மன் வழிபாடு வைகைக் கரையில் தோன்றியதா பொருநைக் கரையில் தோன்றியதா என்பதில் இரு அணிகள் உருவாகி, ஸ்டாஃப் ரூமில் தனித்தனியாக டீ குடித்தார்கள்.

இயற்பியல் பேராசிரியர் காஜா மைதீன் சார்தான் அதைக் கெடுத்தார். ஓட்டையருகே குத்தவைத்து உட்கார்ந்து கேட்டவர், "யோவ், எங்கம்மா இதச் சொல்லித்தான்யா கேஸ் சிலிண்டர் வாங்கும்," என்றார்.

"எப்ப சார்?"

"நான் சின்னப் பையன். முப்பது வருஷம் இருக்கும்."

அந்தக் குரல் பேய் இல்லை, தெய்வமும் இல்லை, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காலை நேரம் என்று அப்படித்தான் தெரிய வந்தது. சார் உள்ளே ஒரு சிறிய கேமராவை விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கச் சுவரிலும் பானைகள் பதித்திருந்தன. வாய் குறுகிய, வயிறு பெருத்த பானைகள். கேமராவின் ஒயர் தீர்ந்த பிறகும் பானைகள் தீரவில்லை.

"சார், சத்தம் எப்படி சார் முப்பது வருஷம் உள்ளயே கெடக்கும்?" என்று கேட்டான் வீரணன். என் அறைத் தோழன், வகுப்புத் தோழன், தப்பாட்டக் குழுத் தலைவன், எந்தப் பாடத்திலும் அவசரப்பட்டுத் தேறிவிடாதவன்.

"நீ மறுமதிப்பீட்டுக்கு ஒரு பேப்பர் போட்டியேடா, அது எங்க இருக்கு?"

"எங்கயாச்சும் ஒரு மேசையில இருக்கும் சார்."

"அதேதான். இங்க ஒவ்வொரு பானையும் ஒரு மேசை. சத்தம் உள்ள போகும், கொஞ்ச நேரம் சும்மா சுத்தும், வெளிய வரும், அடுத்த பானைக்குப் போகும். முதல்ல வந்தது முதல்ல நகரும். வரிச கலையாது. இந்தப் பக்கம் வந்து சேர முப்பது வருஷம்."

"தேஞ்சு போகாதா சார்?"

"போகணும். ஏன் போகலைங்கிறதுதான் என்னோட அடுத்த பத்து வருஷப் பொழப்பு. கேள்வி கேட்டுக் கெடுத்துராத."

"ராஜா எதுக்கு சார் இப்படி ஒண்ணக் கட்டுனாரு?"

சார் டீயை உறிஞ்சினார். "மக்கள் குறை கேக்குறதுக்குத்தான். அந்தப் பக்கம் வந்து ஜனங்க கத்திட்டுப் போயிருவாங்க. இந்தப் பக்கம் முப்பது வருஷம் கழிச்சு வரும். கத்துனவன் இருக்க மாட்டான், கோவம் இருக்காது, யாரப் பத்திக் கத்துனானோ அந்த அதிகாரியும் இருக்க மாட்டான். ராஜா பொறுமையா உக்காந்து கேப்பாரு. இதவிட நல்ல நிர்வாகம் உலகத்துல எவன்டா நடத்திருக்கான்?"

மறுமுனை எங்கே என்பதைக் குரல்களே சொல்லிவிட்டன. வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிறவர்களுக்குப் போனில் பேசியவர்கள் தினமும் வழி சொன்னார்கள். "சாம்பிராணிக்காரத் தெரு அண்ணே. மாவு மில்லு தாண்டி, கடைசி ரெண்டு வீடு."

கடைசி இரண்டு வீட்டில் ஒன்றில்தான் நானும் வீரணனும் வாடகைக்கு இருந்தோம்.

அந்த இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே கிணறு. பாகம் பிரித்தபோது கிணற்றை வெட்ட முடியாததால், மதில் சுவரைக் கிணற்றின் நடு வாய்க்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். ஆளுக்குப் பாதி. இந்தப் பக்கம் இறைப்பவர் அந்தப் பக்கம் இறைப்பவரைப் பார்க்க முடியாது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே, மாடம் மாதிரி ஒரு ஓட்டை. அதுதான் சுரங்கத்தின் வாய். இதுவரை புறா முட்டையிடும் இடம் என்றே நினைத்திருந்தோம்.

கிணற்றடியில் நின்று மொத்தத் தெருவும் பேசியதற்குக் காரணம் ராஜா இல்லை. அந்தக் காலத்தில் தெருவிலேயே அங்கே மட்டும்தான் போன் டவர் எடுக்குமாம்.

இங்கே ஒரு சட்ட விளக்கம் அவசியம். இரண்டாயிரத்து நாற்பதுகளில் மறதிச் சட்டம் வந்ததிலிருந்து, பத்து வருடத்துக்கு மேற்பட்ட எந்தக் குரலையும் எந்தக் கருவியும் வைத்திருக்கக் கூடாது. எல்லாம் தானாக அழிந்துவிடும். மனிதர்கள் நிம்மதியாக வயதானார்கள். பானைகளுக்கு மட்டும் சட்டம் தெரியாது. விசாரிக்க வந்த அதிகாரி, பானை என்பது கருவியா பாத்திரமா என்று யோசித்தார். பாத்திரம் என்று முடிவு செய்து, யாரும் பதிவு செய்யாமல் காதால் மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஸ்டோர் ரூம் நிரம்பியது. சாம்பிராணிக்காரத் தெரு மொத்தமும் சுண்டலோடு வந்து உட்கார்ந்தது. நான் அவர்களைக் காதுப் படை என்று அழைத்தேன். அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்குக் குடை பிடித்து, பஸ் ஏறி, இடம் போட்டு வருகிற மனிதர்களை நினைத்து உண்மையிலேயே வருந்தினேன். சார் என்னை ஒலி அளவு பார்க்கும் வேலைக்கு வைத்திருந்ததால் நானும் தினமும் முதல் வரிசையில் இருக்க வேண்டியதாயிற்று. ஆனால் நான் மீட்டரின் முள்ளை மட்டுமே பார்த்தேன். ஒலி எவ்வளவு என்று கவனித்தேனே தவிர, என்ன என்று கவனிக்கவில்லை.

கவனிக்காமலேயே காதில் விழுந்தவை சில.

தெருவின் மதுவிலக்குச் சங்கத் தலைவர், வெள்ளை வேட்டியில் நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து ஒரு இளைஞர், "மாப்ள, வீட்டுல பால் வாங்கப் போறேன்னு சொல்லிருக்கேன். நீ வாங்கி வையி, ஐஸும் சேத்து," என்றார். தலைவர், "அது என் தம்பி குரல்," என்றார். உள்ளே இருந்தவர், "நான்தான்டா கோட்டைச்சாமி பேசுறேன்," என்று தன் பெயரைச் சொல்லிவிட்டார். சங்கம் அன்று மாலையே கூடித் துணைத்தலைவரைத் தலைவராக்கியது. அவருடைய குரல் அடுத்த வாரம் வந்தது.

ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா, பெண் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்திருக்கிறார்.

ஒரு நாள் ஓர் ஆண் குரல், "வந்துக்கிட்டே இருக்கேன்ப்பா, பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டேன், செம ட்ராபிக்கு," என்று கிணற்றடியில் நின்றுகொண்டே புளுகியது. பின்னணியில் வாளி விழும் சத்தம். அறையே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுக்காரருதான். பொறந்ததுல இருந்து இப்படித்தான்." பிறகு சிரிப்பு அடங்கியதும், "தம்பி, அத இன்னொரு தடவ போடேன்," என்று என்னிடம் கேட்டார். மறுபடி வராதும்மா என்றேன். "ஒரே ஒரு தடவ," என்றார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டேன்.

சுரங்கத்துக்குத் தனி நாள்காட்டி உண்டாயிற்று. வெளியே ஐப்பசி மழை. உள்ளே பங்குனி வெயில். "உள்ள கரண்டு இல்லையாம், பாவம்," என்று ஆட்கள் குடையை மடக்கியபடி பேசிக்கொண்டார்கள். பிறகு உள்ளே சித்திரை பிறந்தது. கோயிலில் கொடி ஏறியது.

கொடி ஏறிய அன்று எங்கள் வீட்டுக்கார அம்மா என் அறைக் கதவைத் தட்டினார்.

பஞ்சவர்ணத்தம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வயது. கணவர் இறந்து வெகுகாலம். பக்கத்து வீட்டு ஜான்சியம்மாவும் தனி. இருவருக்கும் சாப்பாடு ஒன்றுதான். காலைச் சமையல் இங்கே, இரவுச் சமையல் அங்கே. ஒருவருக்கு ஜுரம் வந்தால் இன்னொருவர் மருந்து சாப்பிடாத குறைதான். ஜான்சியம்மா சுரங்கத்துக்கு ஒரு நாள் தவறாமல் வந்தார். முதல் வரிசையில் எனக்கு வலது பக்கம் அவர் நாற்காலி. பஞ்சவர்ணத்தம்மா மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை.

"ககாரு," என்றார். அவருக்கு 'இன்' வராது. "அந்த ஓட்டைய ரெண்டு நாளைக்கு அடைக்க முடியுமாய்யா?"

"அடைச்சா தேங்கும்மா. தொறந்ததும் எல்லாம் ஒண்ணாக் கொட்டும். ஏன்?"

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் அழகர் ஆத்துல எறங்குன அன்னிக்கு, ஜான்சி சாமி பாக்கப் போயிட்டா. எனக்கு ஒடம்பு சரியில்ல, போகல. அதுக்கு மொத நாள்தான் என் குக்கர் வெயிட்டத் தொலைச்சிருந்தா. குடுக்கயில குக்கர் மட்டும் வருது, வெயிட்டு இல்ல. கேட்டா, மதினி நான் மூடியோடதான் குடுத்தேன்ங்கிறா. கோவத்துல எங்க நாத்தனாருக்குப் போனப் போட்டு, கிணத்தடியில நின்னு அவள வஞ்சேன்யா."

"இவ்வளவுதானம்மா? எல்லாரும்தான் வையுறாங்க."

"அவ புருஷன் அப்ப துபாயில இருந்தாரு. வர்றேன் வர்றேன்னு வராம இருந்தாரு. அதச் சொல்லிட்டேன்." கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினார். "அவருக்கு அங்க வேலை இருக்குன்னா நெனைக்கிற, இங்க இவ இருக்கான்னுதான் வரலைன்னு சொன்னேன். வாய்க்கு வந்துருச்சு. அப்பறம் அவரு வரவே இல்லய்யா. கடைசி வரைக்கும்."

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தெனமும் சுண்டல வாங்கிட்டுப் போய் உக்காந்துக்கிறா. வேணாம்டின்னா கேக்க மாட்டேங்கிறா. அவ பேசலைன்னா நான் யாருகூடய்யா பேசுவேன்? நீதான் அடுத்தவங்க பேச்சக் கேக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே. வேற யாருட்ட நான் இதச் சொல்ல முடியும்?"

என் கொள்கைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது. ஏற்றுக்கொண்டேன்.

என்ன பேச்சு என்பதை விட்டுவிட்டு மற்றதை வீரணனிடம் சொன்னபோது அவன் பெரிதாக யோசிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதான், எல்லாப் பிரச்சினைக்கும் அதுதான். "அடிச்சுருவோம் மாப்ள."

சுரங்கத்துக்குள் அழகர் ஆற்றில் இறங்குவதை முன்னிட்டு மாணவர்கள் சார்பில் தப்பாட்டம் என்று அறிவித்தோம். உள்ளே திருவிழா நடக்கும்போது வெளியே இருப்பவர்கள் சும்மா இருப்பது பண்பாட்டுக்கு இழுக்கு என்று நான் ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். காஜா மைதீன் சார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் பண்பாடு என்ற சொல்லுக்கு எதிராக எங்கள் கல்லூரியில் யாரும் பேசியதில்லை.

அந்த நாளும் வந்தது. ஓட்டைக்குள்ளிருந்து தூரத்து வேட்டுச் சத்தமும், கூட்டத்தின் இரைச்சலும், தெருவில் யாரோ "தண்ணி பீச்சாதடா, போன் நனையுது," என்பதும் வந்தன. வீரணனின் குழு ஆறு தப்புகளோடு தயாராக நின்றது. கடைசி நிமிடத்தில், இதுவரை வராத பஞ்சவர்ணத்தம்மா வந்தார். வீட்டில் உட்கார முடியவில்லையாம். கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளிருந்து வாளி வைக்கும் சத்தம். பிறகு, "ஹலோ, மதினி..."

நான் கையைக் காட்டினேன். வீரணன் அடித்தான். மழையில் ஊறிய கூரையிலிருந்து காரை உதிர்ந்தது. என் கருவியின் முள் ஒரு மூலைக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. என் கணக்குப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜான்சியம்மா எழுந்தார்.

"டேய்! நிறுத்துங்கடா!"

மாநில அளவில் பரிசு வாங்கிய குழு அது. நடுவர் விசிலுக்குக்கூட நின்றதில்லை. நின்றுவிட்டது.

"உள்ளயே மேளம் கேக்குது, வெளிய எதுக்குடா இன்னொண்ணு? உக்காருங்கடா எல்லாரும்."

உட்கார்ந்தார்கள். அந்த அமைதிக்குள் முப்பது வயது பஞ்சவர்ணம் தெளிவாகப் பேசினார்.

"...அவளா? அழகரப் பாக்கப் போயிருக்கா. அழகருக்குத்தான் கஷ்டம்."

காதுப் படை ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்பியது. பஞ்சவர்ணத்தம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நான் ஜான்சியம்மாவைப் பார்த்தேன். அவர் சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு, ஓட்டையைப் பார்த்தபடி, நிதானமாகச் சொன்னார்: "இப்ப குக்கரு வரும்."

"குக்கரக் குடுத்தேன் மதினி. குக்கர் வருது, வெயிட்டு வரல," என்றது சுரங்கம்.

"அதக் காதுல போட்டுக்கிட்டாளோ என்னமோன்னு வரும்."

"காதுல கம்மலா மாட்டிக்கிட்டாளோ என்னமோ."

"ஆங், கம்மலு. மறந்துட்டேன்."

அறையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும். ஜான்சியம்மா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் போனார். தன் பல், தன் கோலம், தன் மீன் குழம்பு, தான் சேலை கட்டும் விதம், வரிசை மாறவில்லை. சுரங்கம் பின்னாலேயே வந்து ஆமாம் போட்டது. வீரணன் என் காதில், "மாப்ள, இவங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றான். அடுத்து என்ன வரும் என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஜான்சியம்மாவின் குரல் இறங்கியது. ஓட்டையைப் பார்த்தே சொன்னார்.

"அவருக்கு அங்க வேலை இருக்குன்னா நெனைக்கிறீங்க. இங்க இவ இருக்கான்னுதான் வரல."

சுரங்கம் அதைச் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே தூரத்தில் வேட்டு வெடித்துக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணத்தம்மா வந்து ஜான்சியம்மா முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ சாமி பாக்கப் போகலயா?"

"தண்ணி பாட்டில மறந்துட்டேன் மதினி. எடுக்க வந்தேன். கிணத்தடியில என் பேரு கேட்டுச்சு. சொவத்துக்கு அந்தப் பக்கம் நீ. இந்தப் பக்கம் நான்."

"முழுசாவா கேட்ட?"

"சார்ஜ் தீர்ற வரைக்கும் பேசுன. காலு வலிச்சுப் போச்சு எனக்கு."

"அப்பறம் சாயங்காலம் வந்து வெள்ளரிக்கா குடுத்தியேடி. உனக்குன்னு வாங்கிட்டு வந்தேன்னு."

"வாங்கி வச்சிருந்தத என்ன செய்ய?"

"ஏன்டி கேக்கல? இத்தன வருஷமா ஒரு வார்த்த கேக்கலயேடி."

"கேட்டா நீ இல்லம்ப. நான் ஆமாம்பேன். அதோட பேச்சு நின்னுரும். பெறகு யாருகூட உக்காந்து திங்கிறது?" ஜான்சியம்மா சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "மொதல்ல எந்திரி. தரை ஈரமா இருக்கு."

பஞ்சவர்ணத்தம்மா எழவில்லை. ஒரு சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, பின்ன எதுக்குத் தெனமும் இங்க வந்து உக்காந்துக்கிட்ட?"

ஜான்சியம்மா முதன்முறையாகத் தடுமாறினார். சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு உனக்கு வெள்ளரிக்காயக் குடுத்துட்டு வந்த பெறகு, நானும் எங்க அக்காவுக்கு ஒரு போனப் போட்டேன் மதினி."

"எங்கிட்டு நின்னு?"

"டவரு வேற எங்க எடுக்கும்?"

அறை மொத்தமும் நாற்காலியோடு ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"என்னியப் பத்தியா?"

"அது இன்னிக்கு சாயங்காலம் வரும். சுரங்கத்துல அந்த நாள் என்னிக்கு வரும்னு சரியாத் தெரியல, அதான் தெனமும் வந்தேன். நீ வந்துட்டா இழுத்துட்டுப் போயிறலாம்னு. நீயும் நல்லவ, இந்தப் பக்கமே வரல."

"நான் இருந்து கேப்பேன்."

"மதினி, வேணாம்."

"நீ கேட்டேல்ல? சொவத்துக்குப் பின்னால நின்னு கேட்டேல்ல? நான் நாற்காலி போட்டு உக்காந்தே கேப்பேன்."

"வீட்டுக்கு வா. நானே சொல்றேன். அதே மாதிரி சொல்றேன், ஒண்ணு விடாம. இத்தன பேரு முன்னாடி வேணாம்."

பஞ்சவர்ணத்தம்மா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கெஞ்சும் கண்களோடு அவரைப் பார்த்தது. மதுவிலக்குச் சங்கத்தின் முன்னாள் தலைவர், "இருந்து கேட்டுட்டுப் போங்கம்மா, நாங்கல்லாம் இருக்கோம்ல," என்று ஆறுதல் சொன்னார்.

காஜா மைதீன் சார் எழுந்தார். "எல்லாரும் வெளிய போங்க. இன்னிக்கு சாயங்காலம் சுரங்கத்துக்கு லீவு."

"சார், ஆராய்ச்சி..." என்றேன்.

"ஆராய்ச்சிக்கும்தான்." ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் பானை பானையாக நகர்ந்து வந்த பேச்சு, கேட்க ஆளில்லாத அறையில் வந்து முடியப்போகிறது. காதுப் படை கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றது. ஒருவர் கதவின் அடி இடுக்கில் காதை வைத்துப் பார்த்தார். தலைமுடி நரைத்த, பேரன் எடுத்த மனிதர். பிறர் அந்தரங்கத்துக்காக ஈரத் தரையில் குப்புறப் படுக்கும் நிலைக்கு ஒரு சமூகம் வந்துவிட்டதே என்று நான் வீரணனிடம் வேதனையோடு சொன்னேன். அவன், சார் எந்தப் பைக்குள் சாவியைப் போட்டார் என்று கேட்டான்.

மாலையில் நான் அறைக்குத் திரும்பினேன். வீரணன் தப்புகளைக் காயவைக்கப் போயிருந்தான். மழை விட்டிருந்தது. என் அறைக்கும் பஞ்சவர்ணத்தம்மாவின் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருவரும் இருந்தார்கள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுக்கும் சத்தம். அப்புறம் ஜான்சியம்மாவின் குரல், தாழ்வாக, நிறுத்தி நிறுத்தி, ஒப்பிக்கிற மாதிரி. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. நான் ஒலியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தேன். மறுபடியும் அதே பக்கத்தைப் படித்தேன்.

"ஆத்தாடி!" என்றார் பஞ்சவர்ணத்தம்மா. "அப்படியா சொன்ன?"

ஜான்சியம்மா இன்னும் தாழ்த்திப் பேசினார். ஒரு சிரிப்பு. அது யாருடையது என்று தெரியவில்லை. பிறகு யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

சார் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்று எனக்குப் பட்டது. அன்றைய மாலை ஒலியை யாருமே அளக்கவில்லை. அறிவியலில் ஒரு மாலை விட்டுப்போவது நல்லதல்ல. அதே பேச்சு, அதே ஆள், அதே சொற்கள், இன்னொரு முறை கிடைக்கிறதென்றால் அதைத் தவறவிடுவது ஆராய்ச்சியாளனுக்கு அழகா என்பதை யோசித்தேன். கதவைத் தாழிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தேன். துண்டால் துடைத்தேன்.

டம்ளரின் வாயைச் சுவரில் பொருத்தி, அடிப்பக்கத்தில் காதை வைத்தேன். இரைச்சலாகத்தான் இருந்தது.

திருப்பி வைத்துப் பார்த்தேன்.